என் பூட்டில் அத்தாவின் பேர்

1

மன்னிக்கிற குணம் எனக்குக் கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாடு போனவள் எழுதுகிறாள் என்றால் கடைசியில் மனசு இளகி, எல்லாரையும் மன்னித்து, ஊர்ப்பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டு முடிப்பாள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். அது இங்கே நடக்காது. நான் ஏற்காட்டுக்காரி. கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தில் இயற்கை எரிவாயுக் குழாய் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர் வேலை. ஒரு மனுஷன் மேல் நான் வைத்திருந்த வன்மத்தை இந்தக் கோடையில்தான் தீர்த்துக்கொண்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனியில் வருஷா வருஷம் கோடைக்கு காலேஜ் பிள்ளைகளை இன்டர்ன்ஷிப்புக்கு எடுப்பார்கள். பனி உருகி, மண் தெரிய ஆரம்பித்து, குழாய் வழியெல்லாம் பழுது பார்க்க முடிகிற மாதங்கள் அவைதான். பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பது, வேலை கற்றுக்கொடுப்பது எல்லாம் என் தலையில். மார்ச் மாதம் ஒரு மதியம், சோற்றை மைக்ரோவேவில் சுடவைத்துக்கொண்டே விண்ணப்பங்களைத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஒரு பேரில் விரல் நின்றுவிட்டது. கீர்த்தனா சுந்தரவடிவேல். பள்ளிப் படிப்பு சேலம்.

சுந்தரவடிவேல் என்று பேர் வைத்தவர் சேலத்தில் ஒருத்தர்தானா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். அன்றைக்குச் சாயங்காலமே எங்கள் பழைய காலேஜ் வாட்ஸாப் குழுவில் அவரே பதில் போட்டுவிட்டார். 'மகள் கனடாவில் கோடைப் பயிற்சிக்கு முயற்சி செய்கிறாள். அங்கே எரிவாயுத் துறையில் இருக்கும் நூர்ஜஹான் நான் உருவாக்கிய மாணவி. இந்தத் துறைக்கு அவளை அனுப்பியதே நான்தான்' என்று எழுதி, கை கூப்பின படம் வேறு போட்டிருந்தார்.

நான் உருவாக்கிய மாணவியாம். என் மகன் ஆரிஃப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். "ஏன் மா மூஞ்சி அப்படி இருக்கு?" என்று கேட்டான். அவனுக்குப் பன்னிரண்டு வயசு. தமிழ் பேசுவான், ஆனால் இங்கிலீஷை மனசில் வைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாக எடுத்து வைப்பான். கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ அவர்கிட்ட உன் ஃபீலிங்கை சொல்லிட்டு விட்டுடலாமே மா. எங்க ஸ்கூல்ல அப்படித்தான் பண்ணச் சொல்வாங்க" என்றான். அவன் பள்ளிக்கூடத்தில் சண்டையைத் தீர்க்க ஒரு பாடமே இருக்கிறது. எங்கள் மலையில் பகையைக் காப்பிப் பழம் மாதிரி ஊறப்போட்டு, கழுவி, காயவைத்து, மூட்டை கட்டி வைப்போம் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? போய்ப் படிடா என்றேன்.

2

சேலத்தில் ஒரு தனியார் காலேஜில் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். ஆந்திரக் கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு எரிவாயு கம்பெனிக்காரர்கள் காலேஜுக்கு வந்து, கேள்வி கேட்டு, கோடை இன்டர்ன்ஷிப்புக்கு இரண்டு பேரை எடுத்தார்கள். ஒன்று நான். அந்தப் பக்கத்தில் பொட்டைப் பிள்ளை ஒருத்தி கேஸ் பிளான்ட்டுக்குப் போவது அப்போது புதுசு.

அத்தாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. என் அத்தா கரீம் பாய், ஏற்காட்டில் ஏரிக்குப் போகிற வழியில் கடை வைத்திருப்பவர். மிளகு, பட்டை, கிராம்பு, காப்பித்தூள், தைலம், தேன். வருகிறவன் போகிறவனிடமெல்லாம், "எம் பொண்ணு கேஸ் கம்பெனிக்குப் போவுதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மலையில் கேஸ் என்றால் சிலிண்டர்தான். கொட்டச்சேடு எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் கடைக்கு வந்து, "ஏனுங்க பாய், அப்ப இனிமேல் நமக்கு சிலிண்டர் சீக்கிரம் வருங்களா?" என்று நிஜமாகவே கேட்டார். அத்தாவும் சளைக்காமல், "பாப்பா போய்ச் சேரட்டுங்க, சொல்லிப் பாக்கறேன்" என்றார்.

சேலம் போய் நீலக் கலரில் சக்கரம் வைத்த சூட்கேஸ் ஒன்று வாங்கி வந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து கடை வரைக்கும் தலையில் வைத்துத் தூக்கி வந்திருக்கலாம், சுலபம். அப்படிச் செய்யாமல் மேட்டில் கடகடவென்று உருட்டிக்கொண்டே வந்தார், நாலு பேர் பார்க்கட்டும் என்று.

கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கையில், டிக்கெட் விஷயமாகக் கேட்க எங்கள் எச்ஓடி அறைக்குப் போனேன். எச்ஓடி என்றால் டிபார்ட்மென்ட் தலைவர், இந்தச் சுந்தரவடிவேல்தான். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அது வேண்டாம்னு கம்பெனிக்குச் சொல்லியாச்சே மா. உங்க வீட்டுல அனுப்ப மாட்டாங்கன்னு நானே சொல்லிட்டேன். உங்க பக்கம் பொண்ணுங்கள வெளியூர் அனுப்பற வழக்கம் இல்லல்ல? கடைசி நேரத்துல நீ வரலைன்னா காலேஜ் பேரு கெட்டுப்போகும். உன் இடத்துக்கு வேற பையனைக் குடுத்தாச்சு."

"எங்க அத்தா அனுப்பறேன்னுட்டாருங்க சார்" என்றேன்.

"இப்ப அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார்.

மறுநாள் அத்தா கடையைச் சாத்தினார். ஏற்காட்டில் மே மாதம் கடை சாத்துவது என்றால் என்னவென்று மலைக்காரர்களுக்குத்தான் தெரியும். மலர்க் கண்காட்சி, சேர்வராயன் கோயில் திருவிழா, ஏரியில் படகுக்கு வரிசை எல்லாம் அந்த ஒரு மாதத்தில்தான். வருஷத்துக்குச் சாப்பிடுகிற சோறே அப்போது வருவது. உடம்புக்கு முடியாத நாளில்கூட ஸ்டூல் போட்டு உட்கார்ந்து யாவாரம் பார்த்த மனுஷன், ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு என்னோடு பஸ் ஏறினார்.

எச்ஓடி அறைக்கு வெளியே அத்தாவை நிற்கவைத்தார்கள். உள்ளே நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. கதவுக் கண்ணாடி வழியாக நானே பார்த்தேன். எச்ஓடி டீ குடித்தார், பேப்பர் படித்தார், யாருக்கோ போன் பேசிச் சிரித்தார். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தபோதுதான் அத்தாவைப் பார்த்த மாதிரி நின்றார்.

"நான் அனுப்பறேனுங்க சார்" என்றார் அத்தா. வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை. அதையே இன்னொரு தடவை சொன்னார். "எம் பொண்ணை நான் அனுப்பறேனுங்க."

"முடிஞ்சுபோச்சு பாய். சீசன் நேரம், போய்க் கடையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார்.

ஊர் திரும்பியதும் அத்தா அந்த நீல சூட்கேஸில் தைல பாட்டில்களை அடுக்கிக் கடைக்குள் வைத்துவிட்டார். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது, சக்கரம் புதுசாகவே.

3

எரிவாயு எனக்குப் பிடித்த துறை என்று இங்கே எல்லாரும் நினைக்கிறார்கள். பிடிக்கவும் இல்லை, பிடிக்காமலும் இல்லை. எந்த வாசலில் என் அத்தாவை நிற்கவைத்தார்களோ அந்த வாசலுக்குள் போய் நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்கிற ஒரே வைராக்கியத்தில் படித்தேன். மேல்படிப்பு, வேலை, கல்யாணம், கனடா எல்லாம் அந்த வழியில் வந்தவை. இங்கே வந்து குளிரில் மூக்கு நுனி செத்துப்போகிற காலையிலும், அந்த எச்ஓடியை நினைத்தால் எனக்கு உடம்பில் சூடு ஏறும்.

பேர் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. ஊரில் நான் அ. நூர்ஜஹான். பாஸ்போர்ட் எடுக்கப் போனால் இனிஷியல் ஆகாது, விரித்து எழுது என்றார்கள். நூர்ஜஹான் அப்துல் கரீம் ஆனேன். கனடாவில் இறங்கியதும் ஒவ்வொரு ஆபீஸிலும் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். பாங்கில் கரீம், டாக்டரிடம் கரீம், மின்சாரக் கட்டணக் கடிதத்தில் திருவாளர் கரீம். அது என் அப்பா பேர், நான் வேறு ஆள் என்று ஆரம்பத்தில் சண்டை பிடித்துப் பார்த்தேன். கவுன்டரில் இருந்த பெண் மிகவும் மரியாதையாகச் சிரித்து, அப்படியானால் பேரை மாற்ற இன்னொரு விண்ணப்பம் இருக்கிறது என்றாள். போதும் சாமி என்று விட்டுவிட்டேன்.

அதனால் வேலை இடத்திலும் நான் கரீம்தான். எங்கள் ஃபோர்மேன் டக்ளஸ் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். எனக்குக் கோபம் வந்தால் வாயிலிருந்து "ஏனுங்க" என்று தமிழில் வந்துவிடும். அதைக் கேட்டுக் கேட்டு, அதுதான் என்னைக் கூப்பிடுகிற முறை என்று நினைத்து, குழாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து "ஏனுங்க கரீம்" என்று கத்துவான். என் அத்தாவைக் கொட்டச்சேடு ரைட்டர் கூப்பிடுகிற மாதிரியே இருக்கும்.

இனி பூட்டு. எரிவாயு ஓடுகிற குழாயில் பழுது பார்க்க வேண்டுமென்றால் முதலில் வால்வை மூடி அதைப் பூட்ட வேண்டும். யாராவது தெரியாமல் திறந்தால் உள்ளே வேலை செய்கிறவன் உயிர் போய்விடும். வால்வில் கத்தரிக்கோல் மாதிரி ஒரு கொக்கி மாட்டுவோம், அதில் பல துளைகள் இருக்கும். வேலைக்கு இறங்குகிற ஒவ்வொருத்தரும் தன் பேர் எழுதின சிவப்புப் பூட்டை ஒரு துளையில் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருத்தர் பூட்டை இன்னொருத்தர் கழட்டக்கூடாது. மேனேஜர் வந்தாலும் சரி, கம்பெனி முதலாளியே வந்தாலும் சரி. பூட்டினவன் மறந்து வீட்டுக்குப் போய்விட்டால், அவனே திரும்பி வந்து திறக்கிற வரைக்கும் மொத்த எரிவாயு ஸ்டேஷனும் காத்திருக்கும். பொறுப்பாளர் பூட்டுதான் முதலில் மாட்டுவது, கடைசியில் கழட்டுவது.

இதை முதல் தடவை கேட்டபோது நான் டாய்லெட்டுக்குள் போய் அழுதேன். எனக்காக இன்னொருத்தர் "நானே சொல்லிட்டேன்" என்று சொல்ல முடியாத ஒரு இடம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் பூட்டில் கரீம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

4

கீர்த்தனாவை வீடியோவில் நேர்முகம் எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அவள் மக்காக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். முகவாய் அப்படியே அப்பா. ஆனால் கேட்ட கேள்விக்கெல்லாம் நெற்றியடியாகப் பதில் சொன்னாள். அமுக்கு நிலையம், அதாவது கம்ப்ரஸர் ஸ்டேஷன், என்ன செய்யும், அழுத்தம் எங்கே குறையும், வாசனையே இல்லாத வாயு கசிந்தால் எப்படித் தெரிந்துகொள்வீர்கள், எல்லாம். தெரியாததைத் தெரியாது என்றாள். கடைசியில், நகரத்து ஆபீஸ் வேண்டுமா, வடக்கே காட்டுக்குள் இருக்கிற அமுக்கு நிலையம் வேண்டுமா என்று கேட்டேன்.

"நிலையம்தான் வேணும் மேடம். கம்ப்யூட்டர்ல படம் பார்த்தது போதும்" என்றாள்.

தேர்வு செய்துவிட்டேன். அவளைத் தள்ளிவிட்டிருந்தால் அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று நல்லவள் மாதிரி சொல்லலாம். அதெல்லாம் இல்லை. தள்ளிவிட்டால் அவர் ரெண்டு நாள் வருத்தப்பட்டு வேறு கம்பெனி பார்ப்பார், அவ்வளவுதான். என் அத்தா நின்ற நிற்புக்கு அது ஈடாகாது. எனக்கு அதைவிடப் பெரிசாக வேண்டும், என்னவென்றுதான் தெரியவில்லை.

அவரே கொண்டுவந்து கொடுத்தார். ஏப்ரல் கடைசியில், நான் கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"என்னம்மா நூர்ஜஹான், நல்லா இருக்கியா? நம்ம பாப்பாவை எடுத்துக்கிட்டதுல ரொம்ப சந்தோஷம். அந்தக் காலத்துலேயே உன்கிட்ட ஒரு ஸ்பார்க் இருக்குன்னு நான் சொல்லுவேன்."

நானும் நல்லா இருக்கேனுங்க சார் என்றேன். அவருக்கு எதுவுமே ஞாபகம் இல்லை என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. மறைக்கிறவனையாவது பிடித்து உலுக்கலாம், இவர் நிஜமாகவே மறந்திருந்தார்.

"ஒரு சின்ன விஷயம்மா. அவ என்னவோ காட்டுக்குள்ள ஸ்டேஷனுக்குப் போறேங்கறா. கரடியெல்லாம் வருமாமே."

"எங்க வெள்ளக்கடைப் பக்கம் காட்டெருமை ரோட்டுல நிக்குங்க சார். புள்ளைங்க அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போவுது."

"அது சரி. பொண்ணு பாரு, ஆம்பளைங்க நடுவுல தனியா இருக்கறது சரிப்படாது. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா. நீ ஒண்ணு பண்ணு. ஸ்டேஷன்ல இடம் இல்லை, ஆபீஸ்தான்னு அவகிட்டச் சொல்லிடு. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லாத."

நான் காரை ஓரம் கட்டி நிறுத்தினேன். எனக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு வருஷம் கழித்து அதே காரியத்தைச் சொந்தப் பெண்ணுக்குச் செய்யச் சொல்லி, அதுவும் என்னிடமே கேட்கிறார்.

"செஞ்சரலாங்க சார்" என்றேன். "ஆனா நான் எங்க அத்தா பேச்சை மீற மாட்டேனுங்க. ஏற்காட்டுல ஏரி ரோட்டுல கரீம் பாய் கடைன்னா யாரும் காட்டுவாங்க. நீங்களே நேர்ல போய் அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. அவரு சரின்னா எனக்கும் சரி."

"அதுக்கென்னம்மா, பக்கத்துலதானே. பாய்கிட்ட நான் பேசிக்கறேன்" என்று சிரித்தார்.

அத்தாவைக் கூப்பிட்டேன். யார் வரப்போகிறார், எதற்கு வருகிறார் என்று சொன்னேன்.

"அந்த ரூமுக்காரனா?" என்றார்.

"ஆமாங்க அத்தா."

"வரட்டும் கண்ணு. நொம்ப நாளாச்சு பாத்து."

5

இந்தப் பகுதி நான் நேரில் பார்க்காதது. அத்தா போனில் சொன்னதைச் சொல்கிறேன். ஒரே கதையை அவர் எனக்கு எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் நானும் முதல் தடவை கேட்கிற மாதிரிதான் கேட்பேன்.

மே மாதம் ஞாயிற்றுக்கிழமை. சீசன் கூட்டம். கார்களை ஒரு பாதையில் ஏற்றி, குப்பனூர்ப் பாதையில் இறக்குகிற நாள். எச்ஓடி காரை எங்கேயோ கீழே விட்டுவிட்டு வேர்த்து விறுவிறுத்து நடந்து வந்திருக்கிறார்.

"பாய், நான்தான் சுந்தரவடிவேல். உங்க பொண்ணு சொல்லியிருக்குமே."

"சொல்லுச்சுங்க சார். கஸ்டமர் நிக்கறாங்க, செத்த இருங்க."

கடைக்குள் இரண்டு ஸ்டூல் இருக்கிறது. அத்தா எடுத்துப் போடவில்லை. வீட்டுக்கு வந்த பிச்சைக்காரனுக்குக்கூட உட்கார இடம் காட்டுகிற மனுஷன் அவர். மிளகு நிறுத்துப் பொட்டலம் கட்டினார். பெங்களூர்க் குடும்பம் ஒன்று தேன் பாட்டிலை ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்தது, அவசரப்படுத்தவில்லை. காப்பித்தூளில் சிக்கரி எவ்வளவு என்று ஒருத்தர் கேட்டதற்கு, காப்பி எந்த எஸ்டேட்டில் விளைந்தது என்பதிலிருந்து ஆரம்பித்தார். டீ வரவழைத்துக் குடித்தார். அதைச் சொல்லும்போது மட்டும் அத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். "எனக்கு அப்ப டீ குடிக்கணும்னே இல்ல கண்ணு" என்பார்.

கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுங்க சார்" என்றார்.

"பாப்பா காட்டுக்குள்ள வேலைக்குப் போறேங்குது பாய். ஆபீஸ்ல போடச் சொல்லி உங்க பொண்ணுகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

"உங்க பாப்பா போறேங்குதுங்களா, போகலேங்குதுங்களா?"

"போறேங்குது. அதுக்கு என்ன தெரியும், சின்னப் புள்ளை."

"எம் புள்ளையும் போறேன்னுதானுங்க சொல்லுச்சு. நான் அனுப்பறேன்னு சொல்லறதுக்கு உங்க ரூமு வாசல்ல வந்து நின்னேன். நீங்க அனுப்பலைன்னு சொல்லறதுக்கு எங் கடை வாசல்ல வந்து நிக்கறீங்க. ஞாபகம் வருதுங்களா?"

வந்ததாம். "அது... அப்ப நல்லதுக்குன்னுதான் பாய்..."

"நானும் நல்லதுக்குத்தானுங்க" என்று சொல்லிவிட்டு, அத்தா வெளியே வந்து ஷட்டரை இறக்கினார். ஏரி முழுக்க ஜனம், கடைக்கு எதிரே மூன்று பஸ் டூரிஸ்ட். பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து, "ஏனுங்க பாய், யாராச்சும் மவுத்தாயிட்டாங்களா?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டிருக்கிறார். அத்தா குனிந்து பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சீசன் நேரம் சார். போய் உங்க வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டார்.

"அன்னைக்கு யாவாரம் போச்சு கண்ணு. போனாப் போவுது" என்பார் முடிக்கும்போது.

மறுநாள் அங்கே விடிந்ததும், இங்கே ஞாயிறு சாயங்காலம், எச்ஓடியிடமிருந்து எனக்குப் போன் வந்தது. அவர் குரலே மாறியிருந்தது. "என்னை அவமானப்படுத்தத்தான் மலைக்கு அனுப்பினியா?"

"ஆமாங்க சார்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை.

"உங்க பாப்பா ஸ்டேஷனுக்குத்தான் போறா" என்றேன். "உங்க வீட்டுல முழு சம்மதம்னு கம்பெனிக்கு நானே சொல்லிட்டேனுங்க சார்."

இதைச் சொல்வதற்காக நான் எத்தனை வருஷம் வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். போனை வைத்துவிட்டு, ஆரிஃபுக்குப் பிடித்த பீட்சா வாங்கிப் போனேன். "அவர்கிட்ட உன் ஃபீலிங்கை சொல்லிட்டியா மா?" என்றான். நல்லா சொல்லிட்டேன் கண்ணு என்றேன். அவனுக்கு ஒரே பெருமை, தன் பள்ளிக்கூடப் பாடம் வேலை செய்துவிட்டது என்று.

6

கீர்த்தனாவிடம் சொல்லாதே என்று அவர் கேட்டிருந்தார். முதல் நாளே சொன்னேன். வடக்கே அந்த நிலையத்துக்குப் போகிற வழியில், காரில், ஒன்று விடாமல். என் கதையையும் சேர்த்து. அவள் அழுவாள், இல்லை அப்பாவுக்குப் பரிந்து என்னோடு சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். எதற்கும் தயாராகத்தான் இருந்தேன்.

அவள் ஜன்னலுக்கு வெளியே பைன் மரங்களைப் பார்த்துக்கொண்டே, "நானே சொல்லிட்டேன்னு சொன்னாரா மேடம்?" என்று கேட்டாள்.

"ஆமா."

"எங்க வீட்டுல அது தினமும் கேக்கும். டான்ஸ் கிளாஸ் வேண்டாம்னு நானே சொல்லிட்டேன். டூருக்கு வரலைன்னு நானே சொல்லிட்டேன். அம்மா வேலைக்குப் போகலைன்னு நானே சொல்லிட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நான் ஆகஸ்ட் வரைக்கும் அவர்கிட்ட பேசப் போறதில்லை மேடம். இதை நீங்க அவர்கிட்ட சொல்ல வேண்டாம். நானே சொல்லிடறேன்."

சொன்னாள். அதன் பிறகு போனை எடுக்கவில்லை. கொசு மொய்க்கிற அந்தக் காட்டில், தலைக்கவசமும் மார்பில் கசிவு காட்டுகிற கருவியுமாக, குழாய் குழாயாக ஏறி இறங்கினாள். டக்ளஸுக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. அவளையும் "ஏனுங்க" என்று கூப்பிட ஆரம்பித்தான்.

நானும் அவளும் சேர்ந்து வேலைக்கு இறங்கிய முதல் பெரிய பழுது ஜூன் மாதம் வந்தது. காலையில் வால்வை மூடி, கொக்கி மாட்டினோம். பொறுப்பு என்னுடையது என்பதால் முதலில் என் பூட்டு. அடுத்து அவள் தன் பூட்டைப் போட்டாள். அதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். பாஸ்போர்ட் ஆபீஸ் புண்ணியத்தில் அவளுக்கும் கடைசிப் பேர் அப்பா பேர்தான். இடம் பற்றாமல் பொடி எழுத்தில் சுந்தரவடிவேல் என்று அச்சடித்திருந்தார்கள். ஒரே கொக்கியில் கரீமும் சுந்தரவடிவேலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

வேலை தொடங்கும் முன்பு பூட்டுகளைப் படம் எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். எடுத்தேன். கன்ட்ரோல் ரூமுக்குப் போனபோது எச்ஓடியிடமிருந்து செய்தி வந்திருந்தது. தினம் ஒன்று வரும். 'பாப்பா பேச மாட்டேங்கறா. அவ அம்மாவும் முகம் குடுக்க மாட்டேங்கறா. நீ சொன்னா கேட்பா. என்கிட்ட பேசச் சொல்லும்மா. தயவுசெய்து.' அதுவரை ஒன்றுக்கும் பதில் போடாதவள், அன்றைக்குப் போட்டேன். ஒருத்தர் பூட்டை இன்னொருத்தர் கழட்டக்கூடாதுங்க சார், இது எங்கள் கம்பெனி விதி என்று எழுதினேன். புரிந்ததோ இல்லையோ, கவலையில்லை.

படத்தை அத்தாவுக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். அங்கே கடை சாத்துகிற நேரம். டூரிஸ்டுக்காகக் கடை போர்டில் இங்கிலீஷிலும் எழுதி வைத்ததால், அத்தாவுக்கு இங்கிலீஷில் தன் பேர் மட்டும் வாசிக்க வரும்.

"எம் பேரு போட்டிருக்குது" என்றார். "பக்கத்துல அந்த நீளப் பேரு யாருது?"

சொன்னேன். யார் பூட்டு முதலில் போட்டது, யாருடையது கடைசியில் கழட்டுவது, கரீம் பூட்டு கழன்றால்தான் வால்வு திறக்கும் என்பதையெல்லாம் சொன்னேன். அத்தா ஒவ்வொன்றுக்கும் "ம்" போட்டுக் கேட்டுக்கொண்டார். ஷட்டர் இறங்குகிற சத்தம் கேட்டது, பூட்டு மாட்டுகிற சத்தமும் கேட்டது.

"அப்ப அந்தாளு பேரு இப்ப அங்கதான் நிக்குதா?"

"ஆமாங்க அத்தா. எம் பூட்டுக்குப் பக்கத்துல."

"எத்தன நேரம் ஆவும் கண்ணு உங்க வேலை?"

"சாயங்காலம் வரைக்கும் ஆவுங்க."

"அவசரமில்ல" என்றார் அத்தா. "நிக்கட்டும்."